ஏர்போர்ட்டக்காவின் கைகள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு ஊரிலிருந்து பார்சல் வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். கண் பட்டுவிடும் என்ற பயமில்லை. ஏர்போர்ட்டக்கா பார்த்துவிடுவாள் என்ற பயம். பார்த்தாளோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். "யாரு குடுத்தது? அவங்களே குடுத்தாங்களா, கை மாறி வந்துச்சா? கட்டும்போது நீ கிட்ட இருந்தியா?" என்று வரிசையாகக் கேட்பாள். மாமியார் வீட்டிலிருந்து வந்த பலாப்பழம்கூட அந்த விசாரணைக்குத் தப்பியதில்லை.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடுகளும் ஒட்டுக் கட்டடங்களுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்த எங்கள் தெருவில் சின்னக் குழந்தையிலிருந்து பால்காரர் வரைக்கும் அவளை ஏர்போர்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என் அப்பாவுக்கு அவளைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும். அவரும் ஏர்போர்ட்டக்கா என்றுதான் சொல்வார்.

போலீஸில் இருந்தாள். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறப் போகிற பெண்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதனை போடுகிற வேலை. காக்கிப் புடவையும் இறுக்கி முடிந்த கொண்டையுமாகக் காலையில் கிளம்பினால், அம்பத்தூரில் மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயில் ஏறிப் போவாள். இவ்வளவு தூரம் போய் ஊரார் இடுப்பைத் தடவிவிட்டு வருகிறாளே என்று தெருவில் கேலி உண்டு. அதை அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"ஏரோப்ளேன் உள்ள எப்டி கீது அக்கா?" என்று நாங்கள் கேட்போம்.

"யாருக்குத் தெரியும்? நான் உள்ள போனதே இல்ல. ஏறப் போற ஆளுங்களத்தான் எனக்குத் தெரியும்."

அவளுடைய கணவர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் இருந்தார். வாய் திறக்காத மனுஷன். ஆனால் குறும்பு உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுவார். அக்கா திறந்ததும் டிபன் கேரியரை வாசலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். தெருவே பார்த்துச் சிரிக்கும். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்து, "உள்ள போ" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் இதைச் செய்வதாகவும், ஒரு நாள் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்றும் என் அம்மா சொல்வாள்.

எண்பதுகளின் பாதிக்கு மேல் விமானச் செய்தி என்றாலே வீட்டில் எல்லோரும் ரேடியோ பக்கம் திரும்புவோம். எங்கோ கடத்தினார்கள், எங்கோ வெடித்தது என்று ஏதாவது ஒன்று வரும். மீனம்பாக்கத்திலும் கெடுபிடி ஏறிக்கொண்டே போனது. தலைக்கு மேல் வளைவாக நிற்கும் மெட்டல் டிடெக்டர் வந்தது. பையை விழுங்கித் துப்பும் எக்ஸ்ரே மெஷின் வந்தது. அப்பாவுக்கு மெஷின் என்றால் உயிர். பட்டறையில் வார்ப்பு வேலை செய்கிறவர்.

"அதான் மெஷின் வந்துடுச்சே. இனிமே நீ எதுக்கு அங்க? உன்னைக் கூட்டிகினு வந்து ஊட்ல குந்த வெச்சிடப் போறாங்க."

"மெஷினு இரும்பு இருந்தா கத்தும் நைனா. தாலியப் பாத்தும் கத்துது, கொண்டை ஊசியப் பாத்தும் கத்துது. கத்தினப்புறம் போய் இன்னான்னு பாக்கறது யாரு? கத்தாதவங்களப் பாக்கறது யாரு?"

"இத்தினி வருசத்துல எத்தினி பேரப் புடிச்சே?"

"ஒருத்தரையும் புடிக்கல."

"அப்ப கவர்மெண்டு சோறு தண்டம்."

"தண்டமாவே போவட்டும். நான் புடிச்சேன்னு பேப்பர்ல வர்ற அன்னிக்கு நீ சந்தோசப்படுவியா?"

அக்காவுக்கு அதில் வெட்கமே கிடையாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைப் பதக்கம் வாங்கியவள் போலச் சொல்வாள். திரைக்குள் வந்தவர்களிடம் அவள் கண்டெடுத்ததெல்லாம் முந்தானையில் முடிந்த விபூதி, ஜாக்கெட்டுக்குள் வைத்த பேரன் போட்டோ, சாப்பிடாமல் ஒளித்து வைத்த தோசை, இவ்வளவுதான்.

ஒரு தரம் பாங்கில் வேலை பார்க்கிற பின்தெரு மனிதர் அவளை மடக்கப் பார்த்தார். நன்றாகப் பேசுகிறவர். "எல்லாரையும் சந்தேகப்படறது பாவம் இல்லையாம்மா? பெத்த தாயி, பிள்ளைய ஊர்ல விட்டுட்டு அழுதுகிட்டே ப்ளேன் ஏற வர்றா. அவளையும் தடவறீங்க."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் யாரையும் சந்தேகப்படல சார். எல்லாரையும் தொட்டுப் பாக்கறேன். ஒருத்தர வுட்டுட்டு ஒருத்தரப் பாத்தா அதுக்குப் பேருதான் சந்தேகம். மந்திரி சம்சாரம் வந்தாலும் கையத் தூக்கத்தான் சொல்றேன். கூட்டுற அம்மா வந்தாலும் கையத் தூக்கத்தான் சொல்றேன். இதுல யாருக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இப்படி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவளோடு ரயிலில் போக முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. போய்ப் பட்டவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மூர் மார்க்கெட் பக்கம் போகக் கிளம்பினோம். லேடீஸ் பெட்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. இவள் கண்ணில் பட்டுவிட்டது. "யாருது?" என்றாள். யாரும் பேசவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். தங்களைக் கேட்கவில்லை என்பது போல எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வில்லிவாக்கம் வந்ததும் அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "ஆளில்லாத பொட்டி ஏரோப்ளேன்லயே ஏறாது. எல்லாம் எறங்குங்க, எறங்குங்க!" காக்கிப் புடவைகூட அன்றைக்கு இல்லை. பூப்போட்ட நைலக்ஸ். ஆனால் அந்தக் குரலுக்குப் பெட்டி மொத்தமும் இறங்கிவிட்டது. கூடையோடு இறங்கினார்கள், பிள்ளையோடு இறங்கினார்கள், திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ரயில் கார்டு ஓடி வந்தார். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் பையைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் கையை விட்டார்.

கருவாடு. பையில் பாதிக்கு மேல் நெத்திலிக் கருவாடு.

பிளாட்பாரமே சிரித்தது. இவளோடு வந்தவள் நான்தான் என்று யாருக்கும் தெரியாதபடி தள்ளி நின்றேன். அக்கா நிதானமாக என்னிடம் வந்தாள்.

"இன்னாடி அங்க நிக்கறே? வா, ஏறு."

"கருவாட்டுக்கா அக்கா ரயில நிறுத்தின?"

"கருவாடுன்னு இப்பத்தான தெரியுது?" என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சென்ட்ரல் வரும் வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் எல்லோருடைய பெட்டிகளையும் கீழே வரிசையாக வைப்பார்களாம். ஒவ்வொருவரும் போய்த் தன் பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டுமாம். தொட ஆளில்லாத பெட்டி அங்கேயே நின்றுவிடுமாம். "எவ்ளோ அழகா யோசிச்சிகீறாங்க பாரு" என்று ரசித்து ரசித்துச் சொன்னாள். மற்றவர்கள் சினிமாவைச் சொல்வதைப் போல.

இப்படிப்பட்டவளைத்தான் என் தம்பி, தான் ஷார்ஜாவுக்குப் போகும்போது பெட்டி கட்டித் தரக் கூப்பிட்டான்.

அந்த ஷார்ஜா வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆவடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவருடைய அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்து காலமானவர். அம்மா குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்து அங்கேயே சொந்த வீடு கட்டிக்கொண்டவர். என்னைப் பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளை என் தம்பியின் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பார்த்தார். திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் தன் கம்பெனியிலேயே அவனுக்கு வேலை சொல்லி விசா அனுப்பிவிட்டார். ஆக, தம்பியின் வேலையும் என் கல்யாணமும் ஒரே மனிதர் கையில் இருந்தன. அந்த மனிதர் அவருடைய அம்மா கையில் இருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியில் உப்பில்லை என்று தைரியமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தம்பி கிளம்பும்போது தீபாவளிக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. அந்தக் காலத்தில் அரபு நாட்டுக்கு ஒருவன் போகிறான் என்றால் அவன் பெட்டியில் அவனுடைய சட்டைக்குத்தான் இடமிருக்காது. தெருவில் யாருக்கெல்லாம் அங்கே ஆளிருக்கிறதோ அவர்களெல்லாம் வந்துவிடுவார்கள். ஊறுகாய் பாட்டில், அப்பளக் கட்டு, புளிக்காய்ச்சல், மூட்டுவலித் தைலம். எதையும் மறுக்க முடியாது. மறுத்தால், "என்னமோ ஏரோப்ளேனே இவனுது மாதிரி" என்று பேச்சு வரும். வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டே இருந்தோம்.

அன்றைக்குக் காலையில் அக்கா வந்து கூடத்தில் பாயை விரித்தாள். அதன் மேல் பழைய புடவை ஒன்றை விரித்தாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து அதன் மேல் வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்பளக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு அப்பளமாக எடுத்தாள். ஊறுகாயில் கரண்டியை விட்டு அடிவரைக்கும் கிளறினாள். டிரான்சிஸ்டரில் இருந்த பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்தாள். கற்பூரப் பொட்டலமும் தீப்பெட்டியும் வந்தபோது, "இது ரெண்டும் இங்கியே இருக்கட்டும். அங்க போய் சாமிய மனசுல கும்பிடு" என்றாள். பார்சல் கொடுத்தவர்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி கட்டும்போது கொடுத்தவர்களைவிட நன்றாகக் கட்டினாள் என்பதால் அவர்களுக்கும் வாய் அடைத்துப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பட்டுப்புடவை கட்டி, ஆட்டோ வைத்துக்கொண்டு, கையில் ஒரு மூட்டையோடு. வெள்ளைத் துணியில் நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, மேலே மகன் பெயரை இங்க்கில் எழுதிய மூட்டை. அப்பா எழுந்து நாற்காலியைத் துடைத்தார். அம்மா உள்ளே காபிக்கு ஓடினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கதவோரம் நின்றேன். அந்த அம்மாள் மூட்டையைத் தம்பி கையில் கொடுத்து, "அவன் கைல மட்டும்தான் குடுக்கணும் தம்பி" என்றார்.

அக்கா கையை நீட்டினாள். "இப்டி குடு."

வாங்கியதும் மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, தையலில் நுழைக்கப் போனாள்.

"என்னம்மா பண்றே?"

"பிரிக்கறேன்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"நீங்க யாருன்னு தெரியும்மா. மூட்டைக்குள்ள இன்னா கீதுன்னுதான் தெரியல."

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. நான் தெச்ச மூட்டை மேல இவ கை பட்டுச்சின்னா இந்த சம்பந்தம் இத்தோட சரி. நான் ஆட்டோவ அனுப்பல, வாசல்லதான் நிக்குது."

அம்மா காபி டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"இத்த ஒண்ண மட்டும் வுட்டுடும்மா. உன்னை கையெடுத்து கும்பிடறேன். எம் பொண்ணு வாழ்க்கைம்மா இது."

"நீ சொல்றது புரியுதுக்கா. எனக்கு உம் பொண்ணு மேல இல்லாத ஆசையா?" அக்கா ஹேர்பின்னை எடுக்கவில்லை, நுழைக்கவும் இல்லை. "ஆனா அங்க கேப்பாங்க. இந்தப் பொட்டிய யாரு கட்டினது, உள்ள இருக்கறதெல்லாம் உனக்குத் தெரியுமான்னு கேப்பாங்க. இவன் தெரியும்னு சொல்லணும். தெரியாதத தெரியும்னு சொல்ல வெச்சி நான் ஒரு புள்ளைய அனுப்ப மாட்டேன். மூட்டை போவணும்னா பிரிச்சிட்டுப் போவட்டும். இல்லையா, இந்தம்மாவே திருப்பி எடுத்துகினு போவட்டும்."

நான் அக்காவை அந்த நிமிஷம் வெறுத்தேன். கட்டையால் அடித்து வெளியே தள்ளலாமா என்றுகூட இருந்தது. இவளுடைய சட்டத்துக்கு மீனம்பாக்கத்தில் திரை இருக்கிறதே, அதற்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா? அவளோ அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்கவில்லை. காத்திருந்தாள்.

அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். மகனுக்கென்று தைத்த மூட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"சரி, பிரி. ஆனா பொண்ணு ஊட்டுப் பொட்டியையும் என் கண்ணு முன்னால பிரிக்கணும். என் மூட்டைக்கு ஒரு ஞாயம், அவங்க மூட்டைக்கு ஒரு ஞாயம்னு இருக்கக் கூடாது."

"அதுக்குத்தான குந்திகினு கீறேன்" என்றாள் அக்கா.

துணி சேதமாகாமல் ஒவ்வொரு தையலாக எடுத்தாள். மேலே அதிரசம். அடுத்து புதுக் கைலி ஒன்று. அதற்கும் கீழே பழைய நூல் புடவை. கிழிந்து, பாதியாகி, துவைத்துத் துவைத்து நிறமே போயிருந்த ஒரு புடவை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எதற்கு இது என்று யாருக்கும் புரியவில்லை.

"என்னுதுதான்" என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "சின்ன வயசுலேர்ந்து அத்தப் போத்திகினாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அங்க போனதுலேர்ந்து தூக்கமே இல்லன்னு எழுதினான். இத்தனை பேர் முன்னால இதைக் காட்டணுமான்னுதான்..."

கொம்பு முளைத்தவர் என்று நாங்கள் நினைத்திருந்த பெண்மணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்காத ஒன்று அது. அந்த நிமிஷத்தில்தான் அவர்மேல் எனக்கு உண்மையான பாசம் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அக்கா புடவையை முழுதாக உதறிப் பார்த்தாள். அதை மட்டும் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. உதறிவிட்டு, முன்பு எப்படி மடித்திருந்ததோ அதே மடிப்பில் மடித்து, கைலிக்குக் கீழே பத்திரமாக வைத்தாள்.

"ஆச்சா? இப்ப இவங்களுது" என்றார் அந்த அம்மாள்.

எங்கள் வீட்டுச் சாமான்களை அக்கா எடுத்தாள். மாப்பிள்ளைக்குத் தீபாவளிச் சீர். நிச்சயமான பிறகு வருகிற முதல் தீபாவளி. வேட்டி, சட்டைத் துணி, முறுக்கு, பெரிய பிஸ்கட் டின்னில் மைசூர்பாகு. டின்னைத் திறந்து மைசூர்பாகை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். அடியில் ஒரு செய்தித்தாள். அதை எடுத்தாள். கீழே இன்னும் ஏதோ இருந்தது.

கம்பி மத்தாப்பு இரண்டு டப்பா. சங்கு சக்கரம். புஸ்வாணம். சுருட்டி வைத்த ஒரு சரவெடி.

தம்பிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"நைனா?" என்றாள் அக்கா.

"சீரு அனுப்பறோம். வெடி இல்லாம எப்டிம்மா தீபாவளிச் சீரு அனுப்பறது? மாப்பிள்ளை தொறந்து பாத்து ஆச்சரியப்படட்டும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற மனுஷன், நெருப்போடு பழகினவர், அவருக்கே அது தோன்றவில்லை. எங்கள் ஊரில் எந்த அப்பாவுக்கும் தோன்றியிருக்காது. மாப்பிள்ளைக்குச் சீர் என்று வந்துவிட்டால் புத்தி வேலை செய்யாது.

அக்கா சத்தம் போடவில்லை. அப்பாவிடம் பேசும்போது அவள் குரல் இன்னும் தணிந்துவிட்டது.

"பொட்டிங்கள ஏரோப்ளேனுக்கு அடி வயித்துல அடுக்குவாங்க நைனா. ஒண்ணு மேல ஒண்ணு நசுங்கும், ஒரசும். இது புடிச்சிகிச்சின்னா மேல குந்திகினு கீறவங்க எறங்கி எங்க ஓடுவாங்க? ஏறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டா இவன் போறது ஷார்ஜாவுக்கு இல்ல, ஸ்டேஷனுக்கு."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் இவ்வளவு சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை. இனி அந்த அம்மாள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பெண் வீட்டார் தன் மகனுக்கு வெடி அனுப்பினார்கள், கூடப் போகிற அத்தனை பேரையும் ஆபத்தில் விட இருந்தார்கள் என்று ஆவடி முழுக்கச் சொல்லலாம். சொன்னால் நியாயம்தான். என் கல்யாணமும் தம்பியின் வேலையும் அந்த பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன.

அந்த அம்மாள் குனிந்து சரவெடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மத்தாப்பு டப்பாக்களை எடுத்தார். எல்லாவற்றையும் தன் பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார்.

நிச்சயமாகி இத்தனை மாதத்தில் அவர் அப்பாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'பாருங்க' என்றுதான் பேசியிருக்கிறார்.

"இத நான் எடுத்துகினு போறேன். தீபாவளி அன்னிக்கு எங்க ஊட்டு வாசல்ல அவன் பேரச் சொல்லி நானே கொளுத்தறேன். நீங்க எல்லாரும் வந்துடுங்க."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள், சூடு பண்ண. அக்கா ஊசி கேட்டாள். நான் கொண்டுவந்து கொடுத்தேன். மூட்டையை மறுபடி தைக்க ஆரம்பித்தாள். காலர் தைக்கிறவள் நான் பக்கத்தில் இருக்க, தானே தைப்பேன் என்று பிடிவாதம். வருங்கால மாமியார் குனிந்து பார்த்து, "இன்னும் கிட்டக் கிட்டப் போடும்மா, வழியில பிரிஞ்சிடப் போவுது" என்று அதட்டினார். அக்கா சிரித்தபடி கிட்டக் கிட்டப் போட்டாள்.

தம்பி போய்ச் சேர்ந்தான். சித்திரையில் மாப்பிள்ளை லீவில் வந்து என் கழுத்தில் தாலி கட்டினார். அவர் திரும்பிப் போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாமியாரோடு ஆவடியில் இருந்தேன். அப்புறம் எனக்கும் விசா வந்தது. நான் தனியாகப் போக வேண்டும். விமானத்தைப் பக்கத்தில்கூடப் பார்த்திராதவள். மாமியார் பெட்டி கட்டிக் கொடுத்தார். கட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "பாத்துக்கோ, உன் கையாலயே வை" என்றார்.

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே. பெண்கள் வரிசையில் நின்றேன். திரை விலகியது. உள்ளே காக்கிப் புடவையில் ஏர்போர்ட்டக்கா.

எனக்கு உயிர் வந்தது. "அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"கையத் தூக்கு" என்றாள்.

சிரிக்கவில்லை. உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். ஏசியில் கை சில்லிட்டுப்போகும் போலிருக்கிறது. தோளிலிருந்து தொடங்கினாள். கை, அக்குள், முதுகு, இடுப்பு, புடவைக் கொசுவம். பின்னலை நுனி வரைக்கும் உருவிப் பார்த்தாள். பூவைத் தூக்கிப் பார்த்தாள். தாலியை வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே போட்டாள். கைக்குட்டையில் முடிந்திருந்த குங்குமத்தை அவிழ்த்துப் பார்த்துத் திரும்ப முடிந்தாள். முடித்துவிட்டாள் என்று கையை இறக்கினேன். மறுபடி தூக்கச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என்னைக்கூடவா அக்கா?"

"உன்னைத்தான் ரெண்டு வாட்டி. தெரிஞ்சவங்கன்னா கை சோம்பேறியாவுது" என்றாள். கைப்பையில் கட்டியிருந்த சீட்டில் முத்திரை குத்தினாள். "அடுத்து!"

அவ்வளவுதான். ஒரு 'போய்ட்டு வா' கூட இல்லை. திரைக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற கிழவியிடம் "கையத் தூக்கும்மா" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் இடம். கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் பச்சைப் பட்டுக் கட்டின ஓர் அம்மாள், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றிருந்தார். முன்வரிசையில் பர்தா போட்ட இரண்டு பெண்கள். அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் ஜீன்ஸ் போட்ட பெண். எனக்குப் பின்னால் நின்ற கிழவி இரண்டு வரிசை தள்ளி, பெல்ட்டை எப்படிப் போடுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒருவரையும் எனக்குத் தெரியாது. எந்த ஊர், எதற்குப் போகிறார்கள், பைக்குள் என்ன, மனசுக்குள் என்ன, எதுவும் தெரியாது.

ஆனால் இவர்கள் எல்லோரும் சற்று முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு அந்தத் திரைக்குள் நின்றவர்கள். ஒருத்தியைக்கூட அவள் விட்டிருக்க மாட்டாள். ஆண்கள் பக்கம் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் நின்றது யார் என்று தெரியும்.

விமானம் ஓட ஆரம்பித்தது. பச்சைப் பட்டு அம்மாள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவாதும்மா. எல்லாம் பாத்துதான் அனுப்பிகீறாங்க" என்றேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க தெரு அக்காதான் பாத்தா."